துரத்த முடியாத வார்த்தைகள்

ஆறு மாதமாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பதுக்கு மேல் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை. போன வாரம் வானத்தைப் பற்றிய பாடம். சோல் என்றால் சூரியன், லூனா நிலா, எஸ்த்ரெயா நட்சத்திரம். எல்லாம் லத்தீன் வழி வந்தவை. பட்டியலின் கடைசியில் செனித், நாதிர், அசிமுத் என்று மூன்று. இவற்றில் லத்தீன் ஜாடையே இல்லையே என்று தேடிப் பார்த்தால், மூன்றும் அரபு!

நம் தலைக்கு நேர் மேலே இருக்கும் புள்ளிதான் செனித். அரபியில் 'சம்த் அர்ராஸ்', அதாவது தலைக்கு மேலான வழி. லத்தீனில் 'செம்த்' என்று எழுதியதை, பிரதி எடுத்தவர்கள் 'செனித்' என்று படித்துவிட்டார்கள். அந்தக்காலக் கையெழுத்தில் 'ம்', 'னி' இரண்டுமே மூன்று கோடுகள்தான். இன்றுவரை அந்தப் பிழையை யாரும் திருத்தவில்லை. எங்கள் வங்கி ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார் :-) அதே 'சம்த்'தின் பன்மையிலிருந்து வந்ததுதான் அசிமுத். ஆக, இரண்டும் அக்கா தங்கை.

சரி, அரபு அங்கே எப்படிப் போனது? 711-ல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. 11-ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் அல்-சர்காலி என்பவர் வானத்தை அளந்துகொண்டிருந்தார். 1085-ல் நகரம் கிறிஸ்தவ அரசர் கைக்கு மாறியது. புத்தகங்கள் தங்கிவிட்டன. தாலமியின் 'அல்மஜெஸ்ட்' 1175-ல் அரபியிலிருந்து லத்தீனுக்குப் போனது அங்கேதான்.

பிறகு வந்தவர் பத்தாம் அல்போன்சோ (1252-1284). வானியல் நூல்களை லத்தீனில் அல்ல, ஜனங்கள் பேசிய காஸ்டிலியனில், அதாவது இன்றைய ஸ்பானிஷில் எழுதச் சொன்னார். கிரகங்களின் இருப்பைச் சொல்லும் அல்போன்சோ அட்டவணைகளைத் தயாரித்தவர்கள் யெகுதா பென் மோஷே, ஐசக் பென் சித் என்ற இரண்டு யூதர்கள். கோபர்நிகஸ் கையிலும் அதன் அச்சுப் பிரதி ஒன்று இருந்தது. அரபு அறிவு, யூதர் பேனா, கிறிஸ்தவ அரசர் செலவு!

இது நீடிக்கவில்லை. 1492-ல் யூதர்களிடம், மதம் மாறு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போ என்றார்கள். 1609-லிருந்து 1614 வரை, ஏற்கெனவே மதம் மாறியிருந்த முஸ்லிம்களின் வாரிசுகளையும் கப்பலேற்றினார்கள். லட்சக்கணக்கான ஜனங்களைத் துரத்த முடிந்தது. ஆனால் தலைக்கு மேலே பார்த்து ஒரு புள்ளியைச் சொல்ல, துரத்தியவர்களுக்கும் அந்த அரபு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

நிலவின் நடுப்பகுதியில் மூன்று பெரிய பள்ளங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. வானியலாளர்கள் வைத்த பெயர்கள்: தாலமி, அல்போன்சோ, அல்-சர்காலி. கிரேக்க மொழியில் எழுதியவர், கிறிஸ்தவர், முஸ்லிம், மூவரும் அக்கம்பக்கம். அந்த இரண்டு யூதர்களுக்கும் பக்கத்திலேயே ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை வகுப்பில் டெஸ்ட். மற்றது மறந்தாலும் செனித் மறக்காது.