தரங்கம்பாடியிற் கண்டதும் கருதியதும்

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் இரண்டு நாள் தரங்கம்பாடியில் தங்கினேன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் அளித்த இசைவால் டேனியர் அங்குக் கோட்டை எழுப்பினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர். கோட்டை இன்றும் நிற்கின்றது. குலசேகர பாண்டியன் காலத்து எழுந்த மாசிலாமணிநாதர் திருக்கோயிலின் முற்பகுதியையோ கடல் கொண்டுவிட்டது. அக்கரையில் நின்றபோது நெஞ்சம் கனத்தது.

1706-இல் அவ்வூருக்குப் போந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்று, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708-இல் அவற்றிற்கு அட்டவணையும் வகுத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சேறி முடிந்தது.

வேற்று நாட்டார் ஒருவர் விரும்பித் தேடிய செல்வத்தை நாம் பேணுகின்றோமா? நம் முன்னோர் வைத்துப்போன ஏடுகளும் பத்திரங்களும் பல இல்லங்களிற் பரண்மேற் கிடந்து அழிகின்றன. கடலைத் தடுத்தல் நம்மால் ஆகாது. கரையானைத் தடுத்தல் ஆகும். ஆதலின் நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துள்ள ஏடுகளை எடுத்துத் தூசு தட்டி, வல்லார் துணைகொண்டு படியெழுதி வைப்பாராக. அவற்றின் விவரத்தை நம் சங்கத்திற்கும் தெரிவிப்பாராக.