தவணை வைத்த வேலைகள்: அமெரிக்கக் காற்றாலை வரிச்சலுகையின் கதை

தூய ஆற்றலுக்கான வரிச்சலுகைகளை வெட்டிச் சுருக்கும் சட்டத்தில் அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்டார். அந்தச் சலுகைகளை நம்பி எழுந்த முதலீடுகளில் பெரும்பகுதி அவரது குடியரசுக் கட்சியின் தொகுதிகளில்தான் இருந்தது. தம் மக்களின் பிழைப்புக்கே உலை வைக்கும் சட்டத்திற்கு ஒரு கட்சி எவ்வாறு வாக்களித்தது என்ற வியப்பு பரவலாக எழுந்தது. காற்றாலைச் சலுகையின் வரலாற்றை அறிந்தோருக்கு அவ்வளவு வியப்பு இராது.

முதல் பாடம் கலிபோர்னியாவில் கிடைத்தது. 1978இல் அதிபர் கார்ட்டர் கொணர்ந்த ஆற்றல் வரிச் சட்டமும் மாநில அரசின் சலுகையும் சேர்ந்து, ஆல்டமான்ட், தெஹாச்சப்பி கணவாய்களை ஆயிரக்கணக்கான காற்றாலைகளால் நிரப்பின. கூட்டரசின் சலுகை 1985ஆம் ஆண்டோடு முடிந்தது. கலிபோர்னியச் சந்தையை நம்பியிருந்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனமே 1986இல் நொடித்துப் போய்ப் பின்னர் மீண்டெழ வேண்டியதாயிற்று.

1992இல் சலுகை வேறு வடிவில் திரும்பியது. நிறுவும் செலவுக்கு அன்றி, உற்பத்தியாகும் மின்சாரத்திற்கு யூனிட்டுக்கு 1.5 சென்ட் வீதம் முதல் பத்தாண்டுகளுக்கு வரிக்கழிவு என்பது அதன் அமைப்பு. அதை முன்னின்று கொணர்ந்தவர் அயோவாவின் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி. ஆனால், அச்சலுகைக்கு நாடாளுமன்றம் நிலையான ஆயுளை வழங்கவில்லை. 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் அது காலாவதியானது. ஒவ்வொரு முறையும் தாமதமாக நீட்டிக்கப்பட்டது. 2001இல் ஏறத்தாழ 1,700 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. மறு ஆண்டில் ஏறத்தாழ 400 மெகாவாட்தான். 2003இலும் 2004இலும் அதே ஏற்றமும் அதே சரிவும் நிகழ்ந்தன.

இந்த ஏற்ற இறக்கம் மனித வாழ்வில் என்ன பொருள்படும் என்பதற்கு அயோவாவின் நியூட்டன் நகரமே சான்று. சலவை இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற மேடாக் நிறுவனத்தின் ஆலை அங்கு 2007இல் மூடப்பட்டது. மறு ஆண்டே டிபிஐ நிறுவனம் அந்நகரில் காற்றாலை இறக்கைகளைச் செய்யத் தொடங்கிற்று. மேடாக்கின் பழைய கட்டடத்தில் காற்றாலைக் கோபுரங்கள் உருவாயின. 2009இல் அதிபர் ஒபாமா அங்கு வந்து உரையாற்றினார். சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு முடிவை நெருங்கிய 2021இன் இறுதியில் இறக்கை ஆலையும் மூடப்பட, ஏறத்தாழ 700 பேர் வேலையிழந்தனர்.

அரசியலிலும் இதன் எதிரொலி கேட்டது. 2012 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி சலுகை நீட்டிப்பை எதிர்த்தபோது, அயோவாவின் அவர் கட்சியினரே அவரைக் கண்டித்தனர். முடிவு தெரியாத அந்தச் செப்டம்பரில் சீமென்ஸ் நிறுவனம் அயோவாவின் ஃபோர்ட் மேடிசன் உள்ளிட்ட இடங்களில் 600க்கும் மேற்பட்டோரைப் பணியிலிருந்து நீக்கியது. 2012இல் சுமார் 13,000 மெகாவாட்டாக இருந்த புதிய நிறுவல், மறு ஆண்டில் சுமார் 1,100 மெகாவாட்டாக வீழ்ந்தது. அயோவாவில் அவ்வாண்டு ஒபாமா வென்றார். ஆயினும், காற்றாலைகளை வெளிப்படையாக இகழ்ந்த டிரம்ப்பும் அதே மாநிலத்தில் மும்முறை வென்றார். வேலை வழங்கிய தொழிலே வாக்கையும் தீர்மானிக்கும் என்ற கணக்கு அங்கேயே பிழைத்துவிட்டது.

அக்கணக்கின் மீதுதான் 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டமும் பெரும் நம்பிக்கை வைத்தது. குடியரசுக் கட்சியின் ஒரு வாக்கும் இன்றி நிறைவேறிய அச்சட்டம், உள்நாட்டு உற்பத்திக்கும் சலுகை அளித்தது. கம்பள நகரான ஜார்ஜியாவின் டால்டனில் ஏற்கெனவே இயங்கிய க்யூசெல்ஸ் சூரியத் தகடு ஆலை விரிவடைந்தது. அது டிரம்ப்பின் தீவிர ஆதரவாளராக விளங்கிய மார்ஜரி டெய்லர் கிரீனின் தொகுதி. எதிர்க்கட்சியின் மண்ணில் ஊன்றிய ஆலைகளே சட்டத்திற்குக் காவலாகும் என்று ஆதரவாளர்கள் கருதினர்.

காவல் ஓரளவே நின்றது. 2024 ஆகஸ்டில் 18 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும், 2025 மார்ச்சில் 21 பேரும் சலுகைகளைக் காக்கக் கோரிக் கடிதம் எழுதினர். இறுதி வாக்கெடுப்பில் அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் ஆதரித்தே வாக்களித்தனர். செனட்டில் 50-50 என நின்ற வாக்கைத் துணை அதிபர் வான்ஸ் முறித்தார். கிராஸ்லியும் ஆதரித்தார். காற்றாலை, சூரிய மின் திட்டங்கள் 2026 ஜூலை 4க்குள் கட்டுமானத்தைத் தொடங்கினால் சலுகை தொடரும் என்ற அவகாசமே அவரும் அவரோடு நின்றோரும் பெற்றது. அந்த அவகாசத்தையும் விதிகளால் முடக்கிவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த மாதமே நிதித்துறை நியமனங்கள் சிலவற்றை அவர் தடுத்து நிறுத்தினார்.

இங்கே ஒரு நுட்பம் புலப்படுகிறது. சலுகை நீங்கினாலும், ஏற்கெனவே சுழலும் காற்றாலைக்குரிய பத்தாண்டுக் கழிவு நிற்பதில்லை. நிலம் தந்த உழவருக்குக் குத்தகைப் பணமும் மாவட்டத்திற்குச் சொத்து வரியும் வந்துகொண்டே இருக்கும். இழப்பு முழுவதும் இனி எழவேண்டிய ஆலையைச் சேர்ந்தது. அதை வார்ப்போரையும் நிறுவுவோரையும் சேர்ந்தது. இன்னும் பிறவாத வேலைக்கு வாக்காளர் இல்லை. அயோவா தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் காற்றிலிருந்து பெறும் நிலைக்கு உயர்ந்த பின்னும், நியூட்டனின் இறக்கைத் தொழிலாளர்களுக்கு அந்த உயர்வு பாதுகாப்பாகவில்லை. வேலைவாய்ப்பு என்ற வாதம் நான்கு பத்தாண்டுகளாக இத்தொழிலுக்கு வாங்கித் தந்தது தவணைகளை மட்டுமே.