தொலைவும் திறனும்: காட்டுப்பன்றிச் சுடுதல் ஆணையை முன்வைத்து

பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு நிலத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கடலையும் மக்காச்சோளமும் விடிவதற்குள் உழுததுபோல் கிடப்பதைப் பார்த்த எந்த விவசாயியும் இதை வரவேற்கவே செய்வார். ஆனால் அது எப்படிப்பட்ட பயிற்சியாக இருக்க வேண்டும்? நெடுந்தொலைவில் குறி தவறாமல் சுடும் திறனையே துப்பாக்கிப் பயிற்சியின் உச்சமாக நினைத்துப் பழகிவிட்டோம். பன்றியைச் சுடுவதற்கு அந்தத் திறன் தேவையில்லை என்பதோடு, அதை நம்பி இறங்குவது ஆபத்தும் கூட என்பதே என் வாதம்.

சென்னைக்குத் தெற்கே உள்ள சிறுசேரியில் பன்றித் தொல்லை இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மூன்று பட்டைகளை வரைந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மேற்கே வண்டலூர்க் காப்புக்காடு. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையை நோக்கி வர வர மரங்கள் குறைகின்றன, மாடிகள் கூடுகின்றன. சிப்காட் வளாகமும், அதைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளும், அவற்றுக்கிடையே தப்பிக் கிடக்கும் ஏரிகளும் வயல்களுமாக இருக்கிறது ஊர். காட்டைவிட்டு விலகினால் சுடலாம் என்கிறது ஆணை. காட்டைவிட்டு விலகும் இடத்தில்தான் மனிதர்கள் நெருங்கி வாழ்கிறார்கள். காட்டுயிரின் பக்கம் நின்று பார்த்தால் 3 கி.மீ. என்ற எல்லை நியாயமானது. தோட்டாவின் பக்கம் நின்று பார்த்தால் அது தலைகீழான ஏற்பாடு.

இராணுவ வகை 7.62 மி.மீ. ரைபிளின் தோட்டா, தடுப்பு ஏதும் இல்லையென்றால், 3 கி.மீ.க்கு மேலும் பறக்கக் கூடியது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் 2021 டிசம்பர் 30 அன்று நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அங்குள்ள பயிற்சித் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, கிட்டத்தட்ட 2 கி.மீ. தள்ளி வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். அது முறையாக அமைக்கப்பட்ட தளம், சுட்டவர்கள் சீருடைப் படையினர். செங்கல்பட்டு மாவட்டத்திலும் அனுமந்தபுரத்தில் படையினரும் ஒத்திவாக்கத்தில் காவல்துறையினரும் சுட்டுப் பழகும் தளங்கள் உண்டு. ஒரு தளம் தளமாவது தோட்டாவைக் குடிக்கும் மண்மேட்டாலும், ஆள் நடமாட்டத்தைத் தடுக்கும் சிவப்புக் கொடியாலும்தான். கடலைக்காட்டில் இரவு 11 மணிக்கு அந்த இரண்டும் இருக்காது.

குறியின் கணக்குக்கு வருவோம். நல்ல ரைபிளும் நல்ல கையும் சேர்ந்தால் 100 மீட்டரில் 3 செ.மீ. வட்டத்துக்குள் தோட்டாக்களை அடுக்க முடியும். 400 மீட்டரில் அதே கை 12 செ.மீ. வட்டத்துக்குள் அடுக்கும். காட்டுப்பன்றியின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், தாளில் இந்தக் கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் 400 மீட்டரைக் கடக்கத் தோட்டாவுக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைக் குழலின் நேர்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். இதைத் தொலைநோக்கிக் குறிமானியில் ஈடுகட்டலாம். பிற்பகலில் எழும் கடற்காற்றைப் போல மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று தோட்டாவை ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். காற்று வழியெங்கும் ஒரே சீராகவும் வீசாது. அதைக் கணிப்பதுதான் பல ஆண்டுப் பயிற்சி. இவ்வளவையும் ஒருவர் கணித்துவிட்டாலும், பன்றி ஓரடி எடுத்து வைப்பதை யாரால் கணிக்க முடியும்? தோட்டா வயிற்றில் பாய்கிறது. காயம்பட்ட பன்றி கரும்புக்குள் புகுந்துகொள்கிறது. மறுநாள் காலை தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் அதன் முன்னால் போய் நிற்கிறார்.

தொலைவிலிருந்து சுடும் வேட்டைக்குத் தமிழகத்தில் ஓர் இயற்கைக் களம் இருந்தது. அது நீலகிரியின் மேற்குச் சரிவு. முக்குருத்தியின் பாறை விளிம்புகளில் வரையாட்டைத் தேடிப் போன வெள்ளைக்காரர்களில் டக்ளஸ் ஹாமில்டன் போன்றோர் விரிவான குறிப்புகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். திறந்த புல்வெளி, கூர்மையான கண்கொண்ட விலங்கு, நெருங்க வழியில்லாத செங்குத்து என எல்லாமே தொலைவுச் சூட்டுக்கு ஏற்றவை. ஆனால் அங்கும் திறன் எனப்பட்டது நெருங்குவதுதான். வரையாடு ஆபத்தைக் கீழிருந்தே எதிர்பார்க்கும். ஆகவே காற்றுக்கு எதிராகச் சுற்றி, மேலேறி, மேலிருந்து ஊர்ந்து வர வேண்டும். தப்பாகப் பட்ட ஆடு பள்ளத்தில் விழுந்தால் யாருக்கும் பயனில்லை. 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879ஆம் ஆண்டுச் சட்டமும் பருவத் தடையையும் உரிமத்தையும் கொண்டுவந்தன. முதுகில் வெளிறிய சேணப்பட்டை விழுந்த முதிர்ந்த கிடாய்களை மட்டுமே சுடச் சொன்னது சங்கம். எந்தக் கிடாய் எனப் பிரித்தறியவே நெருங்கித்தான் ஆக வேண்டும். இந்த விதிகளைக் காட்டுயிர்ப் பாசம் என்று கொண்டாட வேண்டியதில்லை. தங்கள் விளையாட்டு தீர்ந்துவிடக் கூடாதென்ற கவலையே அதில் பெரிது. ஆனாலும் அந்த ஒழுங்கு பழக்கிய கண்கள் வீண்போகவில்லை. வேட்டையிலிருந்து விலகிய வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் 1975இல் மலை மலையாக நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7 வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

சங்கப் பாடலோ துளைத்துப் பாய்வதையே திறனாகப் போற்றுகிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாகப் புறநானூற்று 152ஆம் பாடல் புகழ்கிறது. துப்பாக்கிப் பாதுகாப்பு கற்பிக்கும் ஆசிரியர் இதைக் கேட்டால் திகைத்துப்போவார். இலக்கைத் துளைத்து அப்பாலும் பாயும் தோட்டாதான் அவருடைய முதல் பயம். ஓரிக்கு நல்லகாலம், கடைசியில் மண்புற்று இருந்தது.

எதிர்வாதம் உண்டு. துப்பாக்கி விளையாட்டில் நாடு பெரிதாக வளர்ந்திருக்கிறது. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 இலண்டனில் வெண்கலம் வென்றார். ரைபிள் சங்கங்களில் உரிமம் பெற்ற திறமைசாலிகள் நிறைய இருக்கும்போது அவர்களை ஏன் அழைக்கக் கூடாது? கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற தனியாரையும் களத்தில் இறக்கியது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ககன் நரங் பதக்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்; சுடுபவரின் மூச்சும் நாடித்துடிப்பும் அடங்கும் வரை அது காத்திருக்கும். தப்பினால் போவது ஒரு புள்ளிதான். அந்தக் கை பாராட்டுக்குரியது. ஆனால் சுடாமல் எழுந்துவரும் முடிவை எடுக்க அது பழகியதில்லை. வனக்காப்பாளருக்கு அந்த முடிவே பாதி வேலை.

சுடவே கூடாது என்பாரின் வாதமும் முழுமையானதல்ல. அனுமதி இல்லாத இடத்தில் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி வருகிறது. யானையின் தாடையும் அதில் சிதைகிறது. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில், பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அரசின் துப்பாக்கி இவற்றைவிட இரக்கமானதாக இருக்க முடியும். ஆனால் அதற்கு அது அருகிலிருந்து சுட வேண்டும்.

எனவே பயிற்சிப் பாடத்தைப் பரணிலிருந்து தொடங்கலாம். தினைப்புனம் காத்தவர்கள் கண்ட அமைப்புதான் அது. நாலைந்து மீட்டர் உயரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கீழ்நோக்கிச் சுட்டால், பன்றியைத் துளைத்துச் செல்லும் தோட்டா அடுத்த சில அடிகளில் மண்ணுக்குள் இறங்கும், நிலமே தடுப்புமேடாகிவிடும். பாறையும் வரப்புக் கல்லும் உள்ள திசையைப் பகலிலேயே பார்த்து விலக்க வேண்டும். 50 மீட்டருக்கு மேல் சுடுவதை ஆணையே தடை செய்ய வேண்டும். தேர்வு வைப்பதானால் வட்டப்பலகையில் அல்ல, நகரும் பன்றியுருவில் வைக்க வேண்டும். சுடக் கூடாத நிலையில் சுட்டவரின் மதிப்பெண்ணை, தோட்டா நடுவில் பட்டிருந்தாலும், குறைக்க வேண்டும். வீழ்ந்த பன்றிகளின் எண்ணிக்கையோடு, சுட்ட தொலைவு, பின்னணியில் இருந்தது என்ன, காயத்தோடு தப்பியவை எத்தனை, அவற்றைத் தேடிப் போனவர் யார் ஆகியவற்றையும் வனச்சரக அலுவலகப் பதிவேட்டில் அன்றன்றே எழுத வேண்டும். ஓராண்டுப் பதிவேடுகள் கையில் கிடைத்தால், 3 கி.மீ. எல்லை சரியா, அதோடு வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்ற இன்னோர் எல்லையும் வேண்டுமா என்பதை ஊகிக்காமல் பேசலாம்.