குழிக்குள் விழுந்த இருட்டு

1957-இல் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூவின் மேசைமேல் ஒரு களிமண் உருவம் நின்றது. தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் மாதிரி அது. குடல்போலச் சுருண்டு மரக்குச்சிகளின் மேல் நின்ற அதில் அழகு என்று எதுவும் இல்லை. ஆனாலும் எந்தச் சுருள் முன்னால், எது பின்னால் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாயிற்றே! சந்தேகம் அடுத்த மாதிரியில் வந்தது.

அணுக்களின் இடம் இன்னும் துல்லியமாகத் தெரிந்ததும், கெண்ட்ரூவின் குழு சுமார் 2,500 கம்பிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே மூலக்கூறைக் கட்டியது. ஆறடிக் கம்பிக் காடு! கட்டியவர்களுக்கே உள்ளே இருப்பதைப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. 1961-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கெண்ட்ரூவின் கட்டுரை வரவிருந்தபோது, படம் வரையும் வேலை இர்விங் கைஸ் என்ற ஓவியருக்கு வந்தது. கட்டடக்கலை படித்தவர் அவர். ஆறு மாதம் உழைத்தார். மூலக்கூறின் நடுவில் இருக்கும் இரும்பு அணுவையே விளக்காக்கி, அதன் ஒளி உள்ளிருந்து பரவுவதுபோல் தீட்டினார். இயற்கையில் அப்படி ஒரு விளக்கு இல்லை. ஆனால் கண்ணுக்கு ஆழம் புரிந்தது. ஒரே ஒரு புரதத்துக்கு அரை வருடம். அடுத்தடுத்து வரப்போகும் புரதங்களை யார் வரைவது?

கணினி வரையும் என்று நம்பினார் சைரஸ் லெவிந்தால். 1960-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் அவர் திரையில் புரதத்தைக் கோடுகளாகக் கொண்டுவந்தார். ஓர் உருண்டையின்மேல் கை வைத்துத் திருப்பினால் படமும் சுழலும். சுழலும்போது ஆழம் பளிச்சென்று தெரியும். கை நின்றால் போச்சு. அத்தனையும் தட்டையான கோட்டுக் குவியல்.

தூரத்துக் கோடுகளை மங்கலாக்கிப் பார்த்தார்கள். பிறகு கோடுகள் போய், அணுக்கள் உருண்டைகளாக வந்தன. ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகப் பளபளத்தது. சிக்கலும் அங்கேதான் இருந்தது. ஒவ்வோர் அணுவுக்கும் தன் பக்கத்து அணு இருப்பதே தெரியாது. ஆழ்குழியின் அடியில் கிடந்த அணுவும் மேட்டில் நின்ற அணுவும் ஒரே வெளிச்சத்தில் மின்னின. மருந்து போய் ஒட்டுகிற இடம் பெரும்பாலும் அந்தக் குழிதான். படத்தில் காணாமல் போனதும் அதுவேதான்.

வேடிக்கை என்னவென்றால், குழியைக் கணக்குப் போடும் வித்தை வேதியியல்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1971-இல் லீயும் ரிச்சர்ட்ஸும் தண்ணீர் மூலக்கூறின் அளவுள்ள ஒரு கற்பனைப் பந்தைப் புரதத்தின்மேல் உருட்டி, அது எங்கே நுழையும், எங்கே நுழையாது என்று அளந்திருந்தார்கள். அந்த அளவு எண்ணாகவே இருந்தது. அதை இருட்டாக மாற்றலாம் என்ற யோசனை பிற்பாடு, வெகு தொலைவில், சினிமாக்காரர்களிடம் வளர்ந்தது.

ஹாலிவுட்டின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் 2001-இல் வெளிவந்த 'பேர்ல் ஹார்பர்' படத்துக்காகக் கணினியில் விமானங்களை உருவாக்கியது. அவை நிஜமாகத் தெரியவேண்டும். மேகம் மூடிய பகலில் எதற்கும் தெளிவான நிழல் விழாது. ஆனாலும் கதவிடுக்கிலும் மரப்பொந்திலும் இருட்டு தங்கியிருக்கும். வானம் எட்டிப்பார்க்க முடியாத இடங்கள் அவை. ஹேடன் லாண்டிஸும் கூட்டாளிகளும் அதையே கணக்காக்கினார்கள்: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு வானம் தெரிகிறது? குறைவாகத் தெரிந்தால் அந்தப் புள்ளி கறுக்கட்டும். 'ஆம்பியன்ட் அக்லூஷன்' என்ற இந்த முறையை 2002-இல் அவர்கள் வெளிப்படையாகப் பாடமாகவே நடத்தினார்கள். ஆனால் கணக்கு மெதுவானது. சினிமாவின் ஒரு ஃப்ரேமுக்காகக் காத்திருக்கலாம். புரதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆராய்ச்சியாளரின் கை காத்திருக்குமா?

முடிச்சை அவிழ்த்தவர்கள் இத்தாலியர்கள். மார்கோ டரினி, பாவ்லோ சிக்னோனி, கிளாடியோ மொன்டானி ஆகிய மூவரும் ஒன்றைக் கவனித்தார்கள். மூலக்கூறைத் திருப்பும்போது அணுக்கள் ஒன்றையொன்று விட்டு நகர்வதில்லை. அப்படியானால் எந்த அணு எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டால் போதுமே! வீடியோ கேமுக்காகச் செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டிடம் அந்த வேலையைக் கொடுத்து, பல திசைகளிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, கிடைத்த இருட்டை அணுக்களின்மேலேயே பூசி வைத்தார்கள். அதன்பின் எப்படித் திருப்பினாலும் பூச்சு கூடவே வந்தது. அணுக்களின் ஓரங்களிலும் கோடு தீட்டி முன்பின் பிரித்தார்கள். 2006-இல் 'க்யூட்மோல்' என்ற பெயரில் அந்த மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டார்கள். கெண்ட்ரூவின் களிமண்ணில் கைக்குத் தெரிந்த குழி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துத் திரையில் கண்ணுக்குத் தெரிந்தது.

லாண்டிஸுக்கும் அவருடைய இரண்டு கூட்டாளிகளுக்கும் 2010-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பாடப்புத்தக அட்டையிலும் நாளிதழிலும் வைரஸ், புரதம் என்று அச்சாகும் படங்களில் பள்ளங்களைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிழல் படிந்திருக்கிறதே, அந்த நிழல் பிறந்த கதை இது. மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் 'கைமேராஎக்ஸ்' மென்பொருளில் இன்று 'லைட்டிங் சாஃப்ட்' என்று தட்டினால் போதும், அது வந்துவிடும்.