இன்ஸ்பெக்டர் வருகிறார்!



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். வட்டாரக் கல்வி அலுவலராகப் பொறுப்பேற்று மூன்று மாதம் ஆகிறதாம். "ஐயா, தமிழ் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்தால் டீச்சருக்குக் கை நடுங்குகிறது. நான் வாயே திறக்கவில்லை" என்று வருத்தப்பட்டாள். உன்னால் வந்த நடுக்கம் இல்லை அம்மா, அதற்கு வயது நூற்றறுபதுக்கு மேல் என்றேன். அவளிடம் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கல்விப் பொறுப்பில் இருந்தபோது பள்ளி மானியத்துக்குப் புதிய விதி வந்தது. ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு, வருகைக்காக 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆய்வாளர் முன்னால் தேறினால் இன்னும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். அதுவரை வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்த்து யோசனை சொல்லக்கூடியவராக இருந்த ஆய்வாளர், அன்றிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொல்லி டிக் போடுகிறவர் ஆனார். வாத்தியார் வீட்டு அடுப்பு அந்த டிக்கில்தான் எரிந்தது.

மொழிப்பாடமும் அடிபட்டது. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். கவிஞர் மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர். சாமர்த்தியமாகத் தயார் செய்தால், உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்பில் தேறவைத்துவிடலாம் என்று தன் அறிக்கையிலேயே எழுதினார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்க விதியைக் கண்டித்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அந்த முறையில் தானே சோதனை நடத்திய எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வு பெற்றபின் 1911இல் அதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார்.

நம் சென்னை மாகாணத்துக்கும் 1860களில் இந்த மானிய முறை வந்து சேர்ந்தது. பிற்பாடு அங்கும் இங்கும் விதி போய்விட்டது. பயம் மட்டும் பதிவேட்டோடு தங்கிவிட்டது.

அதற்கு நானே சாட்சி. ஆண்டாய்வு அன்று உங்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கணும். தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை." வந்தவர் அசந்துபோய் எனக்கு நல்ல குறிப்பு எழுதினார். இடது கை தூக்கியவர்களை அன்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் ஒருவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அது இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் நெட் பிளாண்டர்ஸ் என்ற அறிஞர் வேறு வழி கண்டார். பி.எட். படித்தவர்கள் இந்தப் பெயரைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். பார்ப்பவர் 3 நொடிக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் வகுப்பில் நடப்பதை ஓர் எண்ணால் குறிப்பார். மொத்தம் 10 வகை: ஆசிரியர் பேச்சுக்கு 7, மாணவர் பேச்சுக்கு 2, மௌனம் அல்லது குழப்பத்துக்கு 1. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்டது. பேசிப் பழக வேண்டிய மொழி வகுப்பில் பிள்ளைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளில் நன்று, நன்றன்று என்ற தீர்ப்புக்கு இடமில்லை. எண்ணிக்கைதான்.

தலைமையாசிரியர் ஆனபின் நான் அதைச் சுருக்கிக்கொண்டேன். இளம் தமிழாசிரியை ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை வாய் திறந்ததோ அதன் இருக்கைக்கு நேரே ஒரு கோடு. மணி அடித்ததும் தாளை அவரிடமே கொடுத்தேன். முன் இரண்டு பெஞ்சில் கோடுகள், ஜன்னல் பக்கம் வெறும் வெள்ளை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், நாளைக்கும் வந்து உட்காருகிறீர்களா?" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு மாணவி நேற்று மறுபடி கூப்பிட்டாள். பதிவேட்டைக் காரிலேயே வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளோடு வகுப்புக்குப் போனாளாம். டீச்சருக்குக் கை நடுங்கியது நடுங்கியதுதான். ஆனால் தாளை அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம்.

அந்த இடது கைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.