மெடிகேர் திட்டத்தை மாற்றும் முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்

அமெரிக்காவில் மெடிகேர் பெறும் மூத்தவர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தங்கள் மருந்துக் காப்பீட்டை மாற்றிக்கொள்ளலாம். புதிய திட்டம் ஜனவரி 1 அன்று தொடங்கும். குறைந்த பிரீமியத்தைப் பார்த்து மாறிவிட்டு, ஜனவரியில் பார்மசி கவுண்டரில் நின்று திகைப்பவர்கள் உண்டு.

2026-இல் பார்ட் டி மருந்துகளுக்கு ஒருவர் கைப்பணமாகச் செலுத்த வேண்டிய ஆண்டு உச்சவரம்பு 2,100 டாலர். "அதற்கு மேல் போகாதே, பிறகென்ன கவலை?" என்று நினைக்கலாம். ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டுமே இந்த வரம்பு பொருந்தும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது. மாறும் முன் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

மருந்துகளை எழுதிக்கொள்ளுங்கள்

நினைவிலிருந்து எழுதாதீர்கள், குப்பிகளை மேசையில் வைத்துக்கொண்டு பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று குறியுங்கள். பெற்றோருக்காகப் பிள்ளைகள் தேடும்போது இதில் கூடுதல் கவனம் தேவை. ஊரிலிருந்து வந்த அம்மா 'கிளைகோமெட்' என்பார். இங்கே மெட்ஃபார்மின் என்ற பொதுப் பெயரில்தான் தேட வேண்டும். அதிலும் சாதாரண மாத்திரை வேறு, மெதுவாகக் கரையும் மாத்திரை வேறு. இரண்டுக்கும் விலை மாறலாம்.

நான்கு கேள்விகள்

1. மருந்து பட்டியலில் இருக்கிறதா? எந்தப் படிநிலையில்? படி ஏற ஏற உங்கள் பங்கும் பொதுவாக ஏறும்.

2. நிபந்தனை உண்டா? சில மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு மலிவான மருந்தை முதலில் உட்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். சிலவற்றுக்கு மாத அளவுக்கு வரம்பு இருக்கும்.

3. கழிவுத்தொகை எவ்வளவு? 2026-இல் இது 615 டாலர் வரை இருக்கலாம். பட்டியலில் உள்ள இன்சுலினுக்கு இது கிடையாது. மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது.

4. உங்கள் பார்மசி அந்தத் திட்டத்தின் விருப்பப் பட்டியலில் உள்ளதா? அதே மாத்திரை அடுத்த தெருவுக் கடையில் மலிவாகக் கிடைக்கலாம்.

மெடிகேரின் அரசு இணையதளத்தில் மருந்துகளையும் பார்மசியையும் பதிந்தால், பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டு மொத்தத்தைக் காட்டும். அந்த மொத்தத்தை வைத்தே ஒப்பிடுங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1-800-633-4227 என்ற எண்ணில் அழைத்து, தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' எனும் இலவச ஆலோசனைச் சேவையும் உண்டு. அவர்கள் எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை.

மாறாமல் இருப்பவர்களும் செப்டம்பர் இறுதிக்குள் வரும் ஆண்டு மாற்ற அறிவிப்பைப் படிக்க வேண்டும். பழைய திட்டமும் பட்டியலை மாற்றும்.

மாறிய பிறகு மருந்து மறுக்கப்பட்டால்

புதிய திட்டத்தின் முதல் 90 நாட்களுக்குள் தற்காலிகமாக ஒரு மாத மருந்தைக் கேட்டுப் பெறலாம். அதற்குள் மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசுங்கள், அல்லது விதிவிலக்குக் கோரச் சொல்லுங்கள். மருத்துவரின் விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்தில் திட்டம் முடிவு சொல்ல வேண்டும். அவசரமென்றால் 24 மணி நேரத்தில். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.