கண்டல் பட்டைச் சாயம்

கண்டல் மரப்பட்டையை நீரில் ஊறவைத்தோ காய்ச்சியோ எடுக்கும் செம்பழுப்புச் சாயம். மீன்வலைக்கு நிறமேற்றவும், நாட்டு மருத்துவத்தில் கழிச்சல், குருதிப்போக்கு, புண் ஆகியவற்றுக்கும் பயன்பட்டது. இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளும் மட்டக்களப்பு வாவியின் சேற்றுக் கரைகளில் வளரும் கண்டல், தாவரவியலில் ரைசோபோரா பேரினத்தைச் சேர்ந்தது.

வலைச்சாயம்

பருத்தி நூலிலும் சணலிலும் வலை முடிந்த காலத்தில், நீரில் கிடக்கும் நூல் நுண்ணுயிரால் விரைவில் இற்றுப்போகும். அதனால் மீனவர் பட்டையை இடித்துக் காய்ச்சி, அந்தச் சாயநீரில் வலையை அமிழ்த்தி, மணலில் விரித்து உலர்த்தினர். சாயம் வெளுத்ததும் மீண்டும் தோய்த்தனர். நூலைக் காத்தது பட்டையில் மிகுந்திருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள். இதே பட்டைச்சாறு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து போர்னியோவிலிருந்து தோல் பதனிடும் சரக்காக ஏற்றுமதியானது. 1960களில் நைலான் வலை பரவியதும் வலைச்சாயத்தின் தேவை குறைந்தது.

மருத்துவப் பயன்

டானின் புரதத்தோடு பிணைந்து அதை இறுகச் செய்யும். புண்ணின் மேற்பரப்பு சுருங்கிச் சிறு குருதிக்கசிவு நிற்பதும், குடலின் உட்படலம் இறுகிக் கழிச்சல் தணிவதும் இதனால்தான். சித்த மருத்துவம் இக்குணத்தைத் துவர்ப்புச் சுவையின் செயலாகக் கொள்கிறது. தென்னாசியக் கரையோரங்களில் பட்டைக் குடிநீரை வயிற்றுக்கடுப்புக்கும் சிறுநீரில் குருதி போவதற்கும் கொடுத்தனர். புண் கழுவவும் பயன்படுத்தினர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி, கடுக்காய், ஆவாரம்பட்டை ஆகியவையும் சாயத்துக்கோ தோல் பதனிடவோ உதவும் துவர்ப்பு மருந்துகளே.

மிகையாக உண்டால் டானின் வயிற்றைப் புண்ணாக்கும். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். கழிச்சலில் உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே. ஆகவே நீரும் உப்பும் சேர்த்துத் தரும் ஜீவனிக் கரைசலுக்குப் பட்டைக் குடிநீர் மாற்றாகாது. கண்டலோடு சேர்ந்து வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். மரம் அறியாதவர் பட்டை உரிப்பது ஆபத்து.

இன்றைய நிலை

இறால் பண்ணைகளும் உள்நாட்டுப் போரும் 2004 ஆழிப்பேரலையும் வாவிக்கரைக் கண்டல்களைச் சிதைத்தன. சுற்றிலும் பட்டை உரித்த கண்டல் பிழைப்பதில்லை. முதிர்ந்த அடிமரத்திலிருந்து அது மீண்டும் துளிர்ப்பதும் அரிது. எனவே இனி சாயத்துக்காகவோ மருந்துக்காகவோ பட்டை உரிப்பது தகாது. வலையைச் சாயமேற்றிய கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பட்டையை இடிக்கும் பக்குவம், காய்ச்சும் அளவு, மருந்தாகக் கொடுத்த முறை ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது அவசரமான பணி.